ஏறும்போதும் இறங்கும்போதும் அடிபடுகிறவர்கள்

சாலை விபத்தைப் பற்றிப் பேசும்போது நம் மனத்தில் இரண்டு வகை ஆட்கள்தான் வருகிறார்கள். ஒருவர் வண்டிக்குள் இருந்தவர், மற்றவர் சாலையில் நடந்தவர். வண்டியில் ஒரு காலை எடுத்து வைத்துக்கொண்டிருந்தவரும், படியிலிருந்து தரைக்கு ஒரு காலை இறக்கிக்கொண்டிருந்தவரும் இந்த இரண்டு வகையிலும் முழுமையாகச் சேராதவர்கள். சேலத்தில் விடிகாலை கூடையோடு சூரமங்கலம் உழவர் சந்தைக்கு வரும் பெண்ணும், ஐந்து ரோட்டில் இறங்கி வேலைக்கு ஓடும் கடைப் பணியாளரும், ஏற்காடு மலைப்பாதையில் குமட்டல் தாங்காமல் கார்க் கதவைத் திறக்கும் சுற்றுலாப் பயணியும் அந்தச் சில விநாடிகளுக்கு எந்தக் கணக்கில் வருகிறார்கள் என்பது யாருக்கும் தெளிவாக இல்லை. கணக்கில் வராததால் அவர்களுக்கு நேரும் காயங்கள் எண்ணப்படுவதில்லை. எண்ணப்படாததால் காரணமும் தேடப்படுவதில்லை. 'அவசரப்பட்டு இறங்கினார்' என்ற ஒரே வரியில் பழி முழுவதும் அடிபட்டவர் தலையில் ஏறிவிடுகிறது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் நிறுத்தம் அமைந்துள்ள இடம், வண்டி நின்ற விதம், ஓட்டுநரின் கண்ணுக்கு எட்டாத பகுதி, சாலையின் சரிவு என்று எத்தனையோ இருக்கின்றன.

எண்ணுவதற்கு வழி இல்லாமல் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐ.சி.டி-யின் 10-ஆம் திருத்தம் 1990-ல் ஏற்கப்பட்டு 1994 முதல் உறுப்பு நாடுகளில் பயன்பாட்டுக்கு வந்தது. அதில் போக்குவரத்து விபத்துகளுக்கென்று வி01 முதல் வி99 வரை குறியீடுகள் உண்டு. வி என்ற எழுத்துக்கு அடுத்த முதல் இலக்கம் அடிபட்டவர் எதில் இருந்தார் என்பதையும், இரண்டாம் இலக்கம் எது மோதியது என்பதையும், புள்ளிக்குப் பின் வரும் இலக்கம் அவர் அப்போது என்ன நிலையில் இருந்தார் என்பதையும் காட்டுகின்றன. ஆட்டோ போன்ற மூன்று சக்கர வண்டிக்கு 3, காருக்கு 4, பேருந்துக்கு 7 என்று முதல் இலக்கம் அமையும். இவற்றில் புள்ளிக்குப் பின் 4 என்று இருந்தால் ஏறும்போதோ இறங்கும்போதோ அடிபட்டவர் என்று பொருள். சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அந்த இடத்தில் 3 வரும். காரிலிருந்து இறங்கும்போது வேறொரு கார் மோதினால் வி43.4. பேருந்துப் படியிலிருந்து இறங்கும்போது மோட்டார் சைக்கிளோ ஆட்டோவோ மோதினால் வி72.4. எதுவும் மோதாமல் படியில் தடுமாறி விழுந்தால் வி78.4. அதே ஆள் இறங்கி இரண்டு எட்டு நடந்த பிறகு மோட்டார் சைக்கிள் மோதினால் அவர் பாதசாரி. குறியீடு வி02 ஆகிவிடும். பஞ்சரான டயரை மாற்ற இறங்கி நிற்பவரையும் இந்த வகைப்பாடு பாதசாரியாகவே கொள்கிறது.

இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஓட்டுநருக்கும் பயணிக்கும், விபத்து பொதுச்சாலையில் நடந்ததா அல்லது சாலைக்கு வெளியே நடந்ததா என்பதைப் பொறுத்து வெவ்வேறு இலக்கங்கள் தரப்பட்டுள்ளன. ஏறி இறங்குபவருக்கு அந்தப் பிரிவினை இல்லை. பேருந்து நிலையத்து நடைமேடை ஓரமாக இருந்தாலும், நெடுஞ்சாலையாக இருந்தாலும், வீட்டு வாசலாக இருந்தாலும் ஒரே இலக்கம்தான். வகைப்பாட்டை அமைத்தவர்கள் இதை இடத்தால் அறியப்படும் விபத்தாகக் கருதாமல் செயலால் அறியப்படும் விபத்தாகக் கருதியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படிக் கருதியது சரி.

ஆனால் இத்தனை நுட்பமான குறியீடு இருந்தும், அவசரச் சிகிச்சைப் பிரிவில் நள்ளிரவில் உட்கார்ந்திருக்கும் மருத்துவருக்கு நோயாளியின் மூச்சும் இரத்த அழுத்தமும்தான் முதலில் தெரிய வேண்டும். அவர் 'சாலை விபத்து' என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். பிறகு குறியீடு இடுபவருக்குக் கையில் இருப்பது அந்த இரண்டு சொற்கள் மட்டுமே என்பதால், விவரம் குறிப்பிடப்படாத மோட்டார் வாகன விபத்துக்கான வி89.2 போன்ற பொதுக் குறியீட்டில் அது போய் விழும். காவல் துறைக் கணக்கிலும் நிலைமை அதுதான். ஒன்றியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் நாடு முழுவதும் 4,61,312 விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்று தமிழ்நாடே முதலிடத்தில் இருந்தது. அந்த அறிக்கை மோதலை நேருக்கு நேர், பின்னாலிருந்து, பக்கவாட்டில், நின்றிருந்த வண்டி மீது என்று பிரிக்கிறது. இறந்தவரைப் பாதசாரி, இரு சக்கர வண்டிக்காரர், காரில் இருந்தவர், பேருந்தில் இருந்தவர் என்று பிரிக்கிறது. படியில் இருந்தவருக்குத் தனி வரிசை கிடையாது. அவரைப் பாதசாரி வரிசையில் சேர்ப்பதா, பேருந்துப் பயணி வரிசையில் சேர்ப்பதா என்பதை வழக்கை எழுதும் காவலரின் மனம்தான் தீர்மானிக்கிறது.

இனி விபத்து எப்படி நேருகிறது என்பதைப் பார்க்கலாம். நகரப் பேருந்தில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்ந்திருக்கிறார். வாசல்கள் இரண்டும் இடப்பக்கம் இருக்கின்றன. கூட்டம் நிறைந்த பேருந்தில் பின்வாசலில் நடப்பதை அவரால் நேராகப் பார்க்க முடியாது. இடப்பக்கக் கண்ணாடியில் தெரிவதும் படியில் தொங்குபவர்களின் முதுகுதான். ஆகவே வண்டியை நிறுத்துவதும் எடுப்பதும் நடத்துநரின் விசிலையும் குரலையும் நம்பியே நடக்கின்றன. 'ஹோல்டான்' என்றால் நிற்க வேண்டும், 'ரைட், போலாம்' என்றால் நகர வேண்டும். நடத்துநரோ கூட்ட நேரத்தில் பேருந்தின் நடுவில் சீட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார்; அவருக்கும் முன்வாசலுக்கும் இடையே முப்பது நாற்பது தலைகள் இருக்கின்றன. கடைசி ஆள் இறங்கிவிட்டாரா என்பதை அவர் கண்ணால் பார்த்துச் சொல்வதில்லை, பழக்கத்தால் கணித்துச் சொல்கிறார். 'எறங்குங்க பாட்டி, சீக்கிரம், பின்னால வண்டி நிக்குது' என்று அவர் குரல் கொடுக்கும் அதே வேளையில், முன்வாசலில் ஏறிய யாரோ ஒருவர் தகரத்தைத் தட்ட, அதை நகரலாம் என்ற சைகையாக ஓட்டுநர் எடுத்துக்கொள்வதும் உண்டு.

நின்ற பேருந்து புறப்பட்டு இரண்டு விநாடிக்குள் மணிக்குச் சுமார் 7 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும். நல்ல உடல்நிலை உள்ளவரின் சாதாரண நடை மணிக்கு 5 கிலோமீட்டர். எனவே இரண்டு விநாடி தாமதமாகத் தரையில் கால் வைப்பவரின் பாதம் சட்டென்று நிற்கிறது. உடலோ நடையைவிட அதிக வேகத்தில் முன்னோக்கிப் போகிறது. வண்டி போகும் திசையைப் பார்த்து இறங்கினால் ஓடி வேகத்தைச் சமாளிக்கலாம் என்று பெரியவர்கள் சொல்வதன் காரணம் இதுவே. பின்னோக்கிப் பார்த்தபடி இறங்குபவர் மல்லாந்து விழுந்து பின்மண்டையில் அடிபடுவார். இளைஞர்கள் ஓடிச் சமாளிப்பதைப் பார்த்து, இது எல்லோராலும் ஆகக்கூடிய காரியம் என்ற எண்ணம் ஓட்டுநர்களுக்கும் பயணிகளுக்கும் ஒருசேர வந்துவிடுகிறது. முழங்கால் வலியுள்ள அறுபது வயதுப் பெண், ஒரு கையில் பையும் மறு கையில் கம்பியுமாக உயரமான கடைசிப் படியிலிருந்து இறங்க எடுத்துக்கொள்ளும் நேரம் அந்த இளைஞருக்கு ஆகும் நேரத்தைப் போல் மூன்று நான்கு மடங்கு. பேருந்து நிற்கும் நேரத்தை வகுப்பவர்கள் அந்தப் பெண்ணை அளவுகோலாக வைப்பதில்லை.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு இந்த அளவுகோல் இன்னும் முக்கியமாகிவிட்டது. முன்பு ஒரே நடையில் முடித்துக்கொண்ட வேலைகளுக்காக இப்போது பெண்கள் இரண்டு மூன்று முறை ஏறி இறங்குகிறார்கள். குறுகிய தூரத்துக்கும் பேருந்தை நாடுகிறார்கள். பயணம் கூடியது நல்லதுதான். படியில் கழியும் விநாடிகளும் அதோடு கூடியிருக்கின்றன என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

முன்படியில் விழுபவருக்கு இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது. முன்வாசலுக்குப் பின்னால் சில மீட்டர் தூரத்தில் பின் சக்கரம் வருகிறது. பேருந்து நேராக ஓரத்தை விட்டு நகரும்போதே விழுந்தவரின் கால் அந்தச் சக்கரத்தின் பாதையில் இருக்கலாம். அதோடு வண்டி இடப்பக்கம் திரும்பினால், பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்தில் போகாமல் உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். பேருந்து நிலையங்களிலும் நெருக்கமான சாலைச் சந்திப்புகளிலும் கால் நசுங்கும் விபத்துகள் இப்படித்தான் நேருகின்றன. வண்டியின் வேகம் மிகக் குறைவு என்பதால் பார்ப்பவருக்கு அது சிறிய விபத்தாகத் தோன்றும். பல டன் எடை மெல்ல ஏறி இறங்கிய காலில் எலும்பு முறிவைவிடத் தோலும் தசையும் அடித்தளத்திலிருந்து உரிந்து பிரிவதுதான் பெரிய சேதம். வெளித்தோல் முதல் நாள் நன்றாகவே தெரிந்து, அடியில் இரத்த ஓட்டம் அறுந்துபோனதால் அடுத்த சில நாட்களில் கறுத்துப்போகும். இரண்டு மூன்று அறுவைச் சிகிச்சைகளும், தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவதும், மாதக்கணக்கில் வேலை இழப்பும் அதன் விளைவு.

சேலத்துச் சாலைகளில் இதைவிட அடிக்கடி நேர்வது வேறொன்று. நிறுத்தத்தில் பேருந்துக்கென்று விடப்பட்ட ஓர இடத்தில் ஆட்டோக்களும் தள்ளுவண்டிகளும் சொந்த வண்டிகளும் நின்றுவிடுவதால், பேருந்து சாலையின் நடுவிலேயே நின்று ஆட்களை இறக்குகிறது. பேருந்துக்கும் நடைபாதைக்கும் இடையில் ஓர் ஆள் நீளத்துக்கு இடைவெளி விழுகிறது. பின்னால் வரும் இரு சக்கர வண்டிக்காரருக்கு வலப்பக்கம் முந்த இடமில்லை. இடப்பக்க இடைவெளியோ திறந்து கிடக்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் கடக்கும். படியிலிருந்து ஓர் உருவம் இறங்குவதைக் கண்டு, உணர்ந்து, பிரேக்கை அழுத்துவதற்கு ஒன்றரை விநாடி ஆகிறதென்றால், பிரேக் பிடிக்கும் முன்பே 16 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். பேருந்தின் நீளமே ஏறக்குறைய 11 மீட்டர்தான். அதாவது பேருந்தின் பின்முனைக்கு வெளியே இருந்தபோதே பிரேக் பிடித்திருந்தால்தான் முன்வாசலில் இறங்குபவர் தப்புவார். இறங்குகிறவரோ எதிர்த் திசையில், படியைப் பார்த்துக் குனிந்திருக்கிறார். இங்கே அவர் காட்டிய அவசரம் என்று எதைச் சொல்ல முடியும்?

இந்த மோதலைத் தடுப்பதற்குப் பயணிக்கு அறிவுரை சொல்வதைவிட, நிறுத்தத்து ஓரத்தைக் காலியாக வைத்திருப்பது பல மடங்கு பயன் தரும். பேருந்து நடைபாதையை ஒட்டி நின்றால் இடப்பக்க இடைவெளியே இருக்காது. நடைபாதையின் உயரம் கடைசிப் படியின் உயரத்தையும் குறைக்கும். ஐந்து ரோட்டில் 2020-ல் ஈரடுக்கு மேம்பாலம் திறக்கப்பட்ட பிறகு மேலே கடந்துபோகும் வண்டிகளுக்கு வழி சீரானது. ஆனால் பேருந்து நிற்பதும் ஆட்கள் ஏறி இறங்குவதும் கீழேதான். மேம்பாலத்தால் விரைவது வண்டிகள். இறங்கிய ஆள் தூண்களுக்கிடையே சாலையைக் கடந்துதான் மறுபக்கம் போக வேண்டியிருக்கிறது.

நகரத்தின் விளிம்பில் நிலைமை வேறு. பெங்களூரு, மதுரை, கோவை, உளுந்தூர்ப்பேட்டை என நாலாபுறமும் தேசிய நெடுஞ்சாலைகள் பிரியும் ஊர் என்பதால், நகருக்குள் நுழையாமல் போகும் தொலைதூரப் பேருந்துகள் கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டி பக்கம் புறவழிச் சாலையிலேயே ஆட்களை இறக்கிவிட்டுப் போய்விடும். நேரம் பெரும்பாலும் நள்ளிரவு அல்லது விடிகாலை. தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவர் இருட்டில் இறங்குகிறார். கிளீனர் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து சாமான்களை எடுத்துப் போடுகிறார். பயணி அதை எடுப்பதற்காகச் சாலைப் பக்கமோ பேருந்தின் பின்புறமோ போகிறார். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரிக்காரருக்கு நிற்கும் பேருந்தின் பின்விளக்கு மட்டும் தெரியும், அதன் மறைவில் நிற்கும் ஆள் தெரியமாட்டார். பகலில் காயத்தோடு முடிந்திருக்கக்கூடிய மோதல் இங்கே உயிரைக் கேட்கிறது. பேருந்தைச் சர்வீஸ் சாலைக்குள் இறக்கி நிறுத்துவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதைச் செய்யாமல் விடுவதை எந்த அட்டவணையாலும் நியாயப்படுத்த முடியாது என்பதே என் கருத்து.

கார்க் கதவு மோதல் தனி வகை. நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் ஓடுவதால், ஓரத்தில் நிறுத்திய காரின் வலப்பக்கக் கதவு ஓடும் சாலையை நோக்கித் திறக்கிறது. திறந்த கதவு கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அகலத்துக்குச் சாலையை அடைத்துக்கொள்ளும். வரும் இரு சக்கர வண்டியின் கைப்பிடி கதவின் விளிம்பில் பட்டதும் முன்சக்கரம் திரும்ப, ஓட்டியவர் வலப்பக்கம், அதாவது பின்னால் வரும் பேருந்து அல்லது லாரியின் பாதையில் எறியப்படுகிறார். கதவு இடித்ததில் தோளிலுள்ள காரை எலும்போ விரலோ முறியும். உயிரை எடுப்பது பெரும்பாலும் இரண்டாவது வண்டி. காரில் இருந்தவர்மீது ஒரு கீறலும் இராது. ஆகவே இது காரோடு சம்பந்தமில்லாத விபத்து என்று அவரே நம்பிவிடுவதும் நடக்கிறது. பிரிட்டனின் நெடுஞ்சாலை விதிக் கையேட்டில் 2022-ல் சேர்க்கப்பட்ட அறிவுரை இதற்கு எளிய தீர்வு சொல்கிறது: கதவுக்கு அருகில் உள்ள கையால் திறக்காமல் எதிர்க் கையால் திறக்க வேண்டும். நம் ஊர் ஓட்டுநர் இடது கையை நீட்டி வலப்பக்கக் கதவைத் திறந்தால் உடலும் தலையும் தாமாகவே பின்பக்கம் திரும்பும். வருகிற வண்டி கண்ணில் படும். நெதர்லாந்தில் இப்படித் திறப்பது பழகிய வழக்கம்.

பின் இருக்கையில் குழந்தைகள் இருந்தால், உள்ளிருந்து திறக்க முடியாதபடி வலப்பக்கக் கதவைப் பூட்டி வைப்பது சொந்தக் காரில் நல்ல வழி. டாக்சிகளில் இந்த வழி இல்லை. பெண் பயணிகளின் பாதுகாப்பை முன்னிட்டு 2019 ஜூலை முதல் தயாரிக்கப்படும் வாடகைக் கார்களில் அந்தப் பூட்டு இருக்கக்கூடாது என்று விதி செய்யப்பட்டது. அதனால் வாடகைக் காரில் எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்று ஓட்டுநர் வாயால் சொல்வது அவசியமாகிறது. இடப்பக்கம் இறங்கினால் போதும் என்றும் விட்டுவிட முடியாது. நெரிசலில் நின்ற காரின் இடப்பக்கத்திலும் இரு சக்கர வண்டிகள் நுழைவது சேலத்துக்குப் புதிதல்ல.

பள்ளி வண்டிகளைப் பொறுத்தவரை, 2012-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகள் குழந்தைகளை ஏற்றி இறக்க உதவியாளர் ஒருவர் இருக்க வேண்டும் என்கின்றன. இறங்கிய குழந்தை வண்டியின் முன்பக்கமாகச் சாலையைக் கடக்கும்போது, உயரம் குறைவு என்பதால் ஓட்டுநரின் கண்ணுக்கே தெரியாது. உதவியாளர் கையைப் பிடித்து மறுபக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த பிறகே வண்டி நகர வேண்டும். ஊதியம் மிச்சப்படுத்துவதற்காக உதவியாளரைக் குறைக்கும் பள்ளி, அந்த இடத்தில் இன்னொரு கண்ணையே குறைக்கிறது.

மலைக்குப் போனால் சரிவு சேர்ந்துகொள்கிறது. சேலத்தின் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியிலிருந்து வருபவர்களில் பலருக்கு ஏழெட்டு வளைவு தாண்டியதும் குமட்டல் வந்துவிடும். பின்னால் இருப்பவர் வாயைப் பொத்திக்கொண்டு தோளைத் தட்ட, ஓட்டுநர் நின்ற இடத்திலேயே பிரேக் போடுகிறார். அது பெரும்பாலும் வளைவின் முடிவாகவோ, பின்னால் வருபவருக்கு மறைவான திருப்பமாகவோ இருக்கும். கதவு திறக்கும் பக்கத்தையோ கண்ணாடியையோ பார்க்கும் நிலையில் அந்தப் பயணி இல்லை. கீழிறங்கும் வண்டி வளைவைத் தாண்டியதும் கண்ணெதிரே காண்பது, திறந்த கதவையும் சாலையில் குனிந்து நிற்கும் ஓர் ஆளையும். மே மாதக் கோடை விழாவின்போது வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும் நாட்களில் இது எந்த வளைவிலும் நேரலாம். முன்கூட்டியே மாத்திரை போட்டுக்கொள்வதும், ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் வைத்துக்கொள்வதும், நேர்பாதையில் அகலமான ஓரம் வரும்வரை வண்டியை நிறுத்தாமல் போவதும் சாலைப் பாதுகாப்பு நடவடிக்கைகள்தாம், கேட்பதற்கு அப்படித் தோன்றாவிட்டாலும்.

சரிவில் நிறுத்திய வண்டி உருண்டு, இறங்கிக்கொண்டிருந்தவரைக் கதவுக்கும் சுவருக்கும் இடையிலோ, முன்னால் நின்ற வண்டிக்கும் இதற்கும் இடையிலோ நசுக்குவது மலைக்கே உரிய காயம். கைப்பிரேக்கை மட்டும் நம்பாமல், மேல்நோக்கி நின்றால் முதல் கியரிலும் கீழ்நோக்கி நின்றால் ரிவர்ஸ் கியரிலும் வண்டியை விட்டு, சக்கரத்தை மலைச்சுவர்ப் பக்கம் திருப்பி, டயருக்குக் கல் வைத்த பிறகே ஆட்களை இறக்குவது எஸ்டேட் ஜீப் ஓட்டுபவர்களுக்குப் பழகிப்போன ஒழுங்கு. அடிவாரத்திலிருந்து வாடகைக்கு எடுத்த காரோடு வருபவருக்கு அந்தப் பழக்கம் இருப்பதில்லை.

காபித் தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளிலும் பிக்கப் வண்டிகளிலும் இருக்கைக்கு மேற்பட்டவர்கள் பின்கதவில் தொங்கிக்கொண்டு போவது உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு வண்டியின் உட்பகுதிக்கு வெளியே ஆட்களை ஏற்றுவதையும், படியிலோ கூரையிலோ பயணம் செய்வதையும் தடுக்கிறது. ஆனால் அங்கே தொங்குபவருக்கு அடுத்த வண்டி இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வரும். மலைக்கிராமங்களுக்குப் பேருந்து எத்தனை முறை போகிறது என்ற கேள்வியைத் தொடாமல் இந்தப் பிரிவை மட்டும் கையில் எடுத்தால், அபராதம் கட்டியவரே மறுநாளும் அதே கதவில் தொங்குவார்.

கொண்டை ஊசி வளைவில் பேருந்து திரும்பும்போது பின் சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருக்கும் வால்பகுதி, திரும்பும் திசைக்கு எதிர்ப்பக்கம் வீசும். வளைவில் இறங்கிப் பேருந்தின் பின்புறம் ஒதுங்கி நிற்பவரை அது தடுப்புச்சுவரோடு சேர்த்து அழுத்திவிடும். வளைவில் ஆளை இறக்கக்கூடாது என்று அனுபவமுள்ள ஓட்டுநர்கள் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடிபட்ட பிறகு நடப்பதும் இந்த விபத்தின் பகுதிதான். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் காயமடைந்தவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கப்படுவதில்லை. ஒன்றிய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில் 7 நாள் வரை, ஒருவருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணமில்லாச் சிகிச்சை உண்டு. அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்ப்பவர் தன் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நல்லெண்ணத்தில் உதவியவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது.

அரசு மருத்துவமனையில் முதலில் எழுதப்படும் விபத்துப் பதிவேட்டின் நகலை எல்லோரும் 'ஏ.ஆர். காப்பி' என்பார்கள். எந்த நேரம், எந்த இடம், எந்த வண்டியால் என்பதைக் கொண்டுவந்தவர் சொல்ல, மருத்துவர் அதில் எழுதுகிறார். வலியில் துடிக்கும் நோயாளியால் பேச முடியாது. உடன் வந்தவர் வழிப்போக்கராக இருக்கலாம், சில சமயம் மோதிய வண்டியின் ஆளாகவே இருக்கலாம். 'பேருந்திலிருந்து தவறி விழுந்ததாக' என்று அதில் எழுதப்பட்டால் தவறு பயணி பக்கம் சாய்கிறது. 'இறங்கும்போது பேருந்து நகர்ந்ததால் விழுந்ததாக' என்றால் ஓட்டுநர் பக்கம் சாய்கிறது. இரண்டு மூன்று ஆண்டு கழித்து விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கையில் எடுப்பது இந்த ஒரு வரியைத்தான். ஆகவே உறவினர்கள் வந்து சேர்ந்ததும் அந்தப் பதிவில் என்ன இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும், பிழை இருந்தால் காவல் நிலைய வாக்குமூலத்தில் நடந்ததைத் தெளிவாகச் சொல்வதும் மிகவும் தேவை.

முதல் தகவல் அறிக்கை 2024 ஜூலை முதல், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281 (கண்மூடித்தனமாக ஓட்டுதல்), 125 (பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தல்) ஆகிய பிரிவுகளில் பதிவாகும். இறப்பு நேர்ந்தால் 106 சேரும். பயணி முழுமையாக ஏறுவதற்கோ இறங்குவதற்கோ முன் பேருந்தை எடுத்தது நிரூபணமானால் தீர்ப்பாயங்கள் அதை ஓட்டுநரின் கவனக்குறைவாகவே கொள்கின்றன. ஓடும் வண்டியிலிருந்து பயணி தானே குதித்திருந்தால் அவர் பங்குக்கு இழப்பீட்டில் ஒரு பகுதி குறைக்கப்படும். கட்டணமில்லாப் பயணச்சீட்டில் வந்தவர் என்பதால் உரிமை குறைவதில்லை. அவரும் சட்டப்படியான பயணிதான். அரசுப் பேருந்து என்றால் இழப்பீட்டைப் போக்குவரத்துக் கழகமே தர வேண்டும். தராமல் காலம் கடத்தினால் நீதிமன்ற அமீனா பேருந்து நிலையத்துக்கே வந்து பேருந்தை ஜப்தி செய்வதைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர்கள் குறைவு.

பேருந்து விஷயத்தில், அடிபட்டவர் பயணியா பாதசாரியா என்ற கேள்விக்கு விடை எதுவானாலும் இழப்பீடு கிடைக்கும் வழி இருக்கிறது. சொந்தக் காரிலும் மோட்டார் சைக்கிளிலும்தான் அந்தக் கேள்வி கூர்மையாகிறது. மூன்றாம் தரப்புக் காப்பீடு, அதாவது வண்டியால் பாதிக்கப்படும் வெளியாளுக்கான காப்பீடு, மட்டும் எடுத்த மோட்டார் சைக்கிளின் பின்னால் அமர்ந்து சென்றவரை மூன்றாம் தரப்பாகக் கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2006-லும் 2008-லும் தீர்ப்பளித்திருக்கிறது. நண்பரின் வண்டியிலிருந்து ஒரு காலை ஊன்றி இறங்கிக்கொண்டிருந்தபோது அவர் கிளட்சை விட்டதால் விழுந்தவர் அப்போது பயணியா, சாலையில் நின்றவரா? பயணி என்றால் அந்தக் காப்பீட்டில் பணம் வராது. வண்டி உரிமையாளரே தர வேண்டியிருக்கும். முழுக் காப்பீடு எடுத்த வண்டியில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை. மாறாக வேறொரு வண்டி வந்து மோதியிருந்தால், அந்த வண்டியின் காப்பீட்டுக்கு இவர் ஐயமில்லாமல் மூன்றாம் தரப்பு.

நின்றிருந்த காரின் கதவு இடித்த வழக்கில், 'வண்டி ஓடவே இல்லையே' என்று வாதிடுபவர்கள் உண்டு. வண்டியின் பயன்பாடு என்பது அது ஓடும் நேரத்தோடு முடிவதில்லை, ஓடாமல் நின்ற நிலையும் அதில் அடங்கும் என்று கவிழ்ந்த பெட்ரோல் டேங்கர் வெடித்த வழக்கில் 1991-லேயே உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது; கதவு வழக்குகளிலும் அந்த விளக்கத்தை முன்வைக்கலாம்.

யாருடைய தவறு என்று நிரூபிக்க முடியாதபோது, அல்லது நிரூபிக்கும் வசதி இல்லாதபோது, 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவின்படி இறப்புக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சமும் கோரலாம். புறவழிச் சாலையில் நடப்பதுபோல் மோதிய வண்டி எதுவென்றே தெரியாமல் போனால், 161-ஆம் பிரிவின்படி இறப்புக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உண்டு. முழு இழப்பீடு கேட்கும் 166-ஆம் பிரிவு மனுவை விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதி. பெங்களூருவிலிருந்து வந்த கார் ஏற்காட்டில் மோதியிருந்தாலும் எஸ்டேட் தொழிலாளி வழக்குக்காகப் பெங்களூரு போக வேண்டியதில்லை. விபத்து நடந்த எல்லைக்கோ தான் வசிக்கும் இடத்துக்கோ உரிய தீர்ப்பாயத்தில், அதாவது சேலத்திலேயே, மனுவைத் தாக்கல் செய்யலாம்.